மாதவிடாய் நின்றவர்களுக்கும் மருந்து உண்டு: திண்டுக்கல் மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்



மாதவிடாய் நிற்கும் பருவத்தில் சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு ஓய்கிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைக்கும் மூளைப் பகுதி அதனால் தடுமாறுகிறது. முகமும் மார்பும் குப்பென்று கொதித்து, வியர்த்துக் கொட்டி, சில நிமிடங்களில் அடங்கும். இரவுத் தூக்கம் கெடும், பிறப்புறுப்பு வறளும், எலும்பின் உறுதி குறையும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. நூல் அறுந்துவிடாதிருக்க நூற்பாலைகளில் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். வேடசந்தூர்ப் பக்கத்து ஆலையில் அந்தப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு இந்தக் கொதிப்பு பொறுத்துக்கொள்ள வேண்டிய சில்லறைத் தொல்லை அல்ல.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் பாடு இன்னும் கடினம். சினைப்பைகளும் சேர்ந்து போயிருந்தால், ஆண்டுக்கணக்கில் நிகழ வேண்டிய மாற்றம் சில நாட்களில் வந்துவிடும். 40 வயதில் அவற்றை இழந்தவருக்கு, மருத்துவத் தடை இல்லையென்றால், மாதவிடாய் இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதே முறை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கும் அந்த அக்கறை நீள வேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையாகவும் தோலில் பூசும் ஜெல்லாகவும் கிடைக்கிறது. கர்ப்பப்பை உள்ளவருக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். இல்லையெனில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றாக மாறும் அபாயம் உண்டு. மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் கண்டவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இந்தச் சிகிச்சை பொதுவாக ஆகாது.

இந்தச் சிகிச்சை பற்றிய அச்சம் பரவியது 2002இல். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், இரு மருந்துகளையும் சேர்த்து உண்டவர்களிடையே ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதை உலகம் கவனிக்கவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் தொடங்கும் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகுதி என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிச் செல்கிறார்கள். ‘ராத்திரி தூக்கம் கெடுதா? திடீர்னு உடம்பு கொதிக்குதா? கர்ப்பப்பை எடுத்தாச்சா?’ என்ற மூன்று கேள்விகளை அப்போதே கேட்டுவிடலாம். ஆம் என்போருக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒருமுறை தனிப் பிரிவு வேண்டும். ஆலைப் பெண்களுக்கு அன்றைய கூலி போகாதபடி அது மாலை நேரத்தில் இயங்க வேண்டும்.