பொடி மீன் என்ன பாவம் செய்தது?

இந்தத் தடவை மீனைப் பற்றிப் பேசப் போகிறேன். சைவச் சகோதரிகள் முகத்தைச் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள். விஷயம் சமையலோடு முடிகிறதாக இல்லை.

எங்கள் ஊர் ஆரணி. உடனே "பட்டுப்புடவை என்ன விலை?" என்று கேட்டு விடாதீர்கள். அந்த ஆரணி வேறு. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆரணி. எங்கள் ஆரணி ஆறு பொன்னேரி வழியாகப் போய்ப் பழவேற்காடு ஏரியில் சேருகிறது. ஆறு அந்தப் பக்கம் போகிறது. மீன் இந்தப் பக்கம் வருகிறது. பழவேற்காட்டிலிருந்து அலுமினியக் கூடையோடு பஸ் மாறி வரும் ஆயாவிடம்தான் பல வருஷமாக நான் மீன் வாங்குகிறேன்.

என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். டாக்டரம்மா, "முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீனாகக் கொடுங்கள். பெரிய சுறா மாதிரி மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது இப்போது வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார். நெத்திலி, மத்தி, கவலை இவற்றில் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் உண்டு. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா கொழுப்பும் உண்டு. "நாளைக்கு நெத்திலி கொண்டு வாங்க" என்று ஆயாவிடம் சொல்லி வைத்தேன்.

மறுநாள் ஆயா வந்தாள். நெத்திலி இல்லை.

"இன்னா பண்றதும்மா, ஏலத்துக்கே வர்ல. இத்த எடுத்துக்க. முள்ளு மெத்துனு இருக்கும், வெலையும் கொறச்சல்தான்."

கூறு கட்டி வைத்திருந்தாள். விரல் நீளத்தில் வெள்ளி மாதிரி பளபளவென்று மின்னியது. மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கூறு வாங்கினேன். அரிவாள்மணையில் உட்கார்ந்து சுத்தம் பண்ணும்போதுதான் சந்தேகம் வந்தது. "ஆயா, இது என்ன மீன்?"

"வஞ்சிரக் குஞ்சும்மா. உட்டா அஞ்சு கிலோ, பத்து கிலோ ஆவும். எங்க உடறாங்க?"

கை அப்படியே நின்று விட்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி சாப்பிட, இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சுகளை நான் நறுக்கிக் கொண்டிருக்கிறேன்!

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு வித்தியாசம் புரிந்தது. சின்ன மீன் வேறு, மீன் குஞ்சு வேறு. நெத்திலி எத்தனை வயதானாலும் நெத்திலிதான்; பிறவியே சின்னது. சீக்கிரம் வளர்ந்து, சீக்கிரம் முட்டை போடும். அளவோடு பிடித்தால் திரும்பத் திரும்பக் கிடைக்கும். வஞ்சிரக் குஞ்சு அப்படியில்லை. அதை இன்றைக்குப் பிடித்தால் நாளைய வஞ்சிரம் போச்சு.

சரி, நெத்திலியும் மத்தியும் எங்கே போயின? வஞ்சிரம், சூரை, பாறை எல்லாம் வளர்வதே இந்தப் பொடி மீன்களைத் தின்றுதான். கடலில் அவைதான் சோறு. அந்தச் சோற்றுப் பானையையே வழித்து எடுக்கிற வேலை நடக்கிறது. சுருக்குமடி வலை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, சுருக்குப்பை வாயை இழுப்பதுபோல் அடியை இறுக்கி, மொத்தமாக அள்ளி விடும். தமிழ்நாட்டில் 2000-ம் ஆண்டிலேயே இதைத் தடை செய்தார்கள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், பகலில் பிடிக்கலாம் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. விசைப்படகின் இழுவலையோ இன்னொரு தினுசு. அடியோடு வாரிக்கொண்டு வரும். அதில் வருகிற குஞ்சு குருமான்களுக்கு வைத்திருக்கிற பேர் 'கழிசல்'. உயிருள்ள பொருளுக்கு என்ன பேர் பாருங்கள்!

அந்தக் கழிசலும் மத்தியும் லாரி லாரியாக மீன் தூள் ஆலைக்குப் போகின்றன. வேக வைத்து, பிழிந்து எண்ணெய் எடுத்து, காய வைத்து அரைக்கிறார்கள். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். அது கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீவனம்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் தம்பியே இறால் குட்டை வைத்திருக்கிறான். அவன் வீட்டுத் தீவன மூட்டையில் அச்சடித்திருந்ததை மகள் வாசித்துக் காட்டினாள்: மீன் தூள், மீன் எண்ணெய், சோயா, கோதுமை. "என்னடா இது?" என்றேன். "அக்கா, இறால் காத்தைக் குடிச்சா வளரும்? உன் வளையலை மீட்டது இந்தக் குட்டைதான், மறந்துட்டியா?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வளையல் கையில்தான் இருக்கிறது.

இப்படி அள்ளினால் என்ன ஆகும் என்று உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. தென் அமெரிக்காவில் பெரு என்றொரு நாடு. அங்கேயும் நம் நெத்திலி ஜாதி மீன்தான். 1970-ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள், அதுவும் பெரும்பாலும் தூளாக்க. 1972-ல் கடல் சூடானது. அள்ளிய அள்ளலும் சேர்ந்துகொள்ள, மீன் வளமே சரிந்து விட்டது. அந்த மீனை நம்பியிருந்த கடற்பறவைகளும் பட்டினியால் மடிந்தன. அவ்வளவு தூரம் ஏன்? பக்கத்துக் கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன்! கடல் சூடும் மழை மாற்றமும் முக்கியக் காரணம் என்கிறார்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார். குஞ்சுகளைப் பிடிக்க வேண்டாம் என்றும் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கடல் சூட்டை நாம் தணிக்க முடியாது. வலையைத் தளர்த்தலாம், இல்லையா?

கேரளத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2015-ல் இன்ன மீனை இன்ன அளவுக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மத்தி 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டர். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் இருக்கிறது. கட்டுமரம், சின்னப் படகுகளுக்குத் தடை இல்லை.

இதையெல்லாம் ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுக் கொண்டாள். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டாம். இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை ஊர்க்காரர்களே முறை வைத்துப் பங்கு போட்டுக் கொள்வார்களாம். தலைமுறை தலைமுறையாக நடக்கிறதாம்.

"ஏரிக்குப் பாடு இருக்கும்மா. கடலுக்கு யாரு பாடு வெச்சா?" என்றாள்.

சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள். அரைக் கூடைதான் இருந்தது. அவள் மகள் இப்போது மீன் விற்க வருவதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு விடியற்காலை பஸ்ஸில் போகிறாள். "எனக்கு அப்புறம் ஒனக்கு யாரு மீன் கொண்டாருவா?" என்று ஆயா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்மால் ஆனது என்ன சகோதரிகளே?

மலிவாகக் கிடைக்கிறது என்று வஞ்சிரக் குஞ்சு, பாறைக் குஞ்சு வாங்காதீர்கள். பேரைக் கேட்டு வாங்குங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் அது கூடைக்கு வராது.

மத்தி உங்கள் உள்ளங்கையின் நீளத்தைவிட நீளமாக இருக்கட்டும். ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் கணக்கு சரியாக வரும்.

நெத்திலி, மத்தி, காரப்பொடியை 'பூனை மீன்' என்று ஒதுக்காதீர்கள். மனுஷர் தட்டுக்கு வந்து நல்ல விலை கிடைத்தால், தூளாக்க அள்ளுவது கொஞ்சமாவது குறையும். தடைக்காலத்தில் கட்டுமரக்காரர்கள் கொண்டு வருவதை வாங்குங்கள்.

நெத்திலியின் தலையைக் கிள்ளி, கல் உப்பும் மஞ்சளும் போட்டு அலசுங்கள். மண் சட்டியில் புளிக்குழம்பு கொதித்ததும் மாங்காய்த் துண்டு போட்டு, அது வெந்த பிறகு கடைசியாக மீனைச் சேருங்கள். ஐந்தாறு நிமிஷம் போதும். கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், கரைந்து விடும். சட்டியைப் பிடித்துக் குலுக்குங்கள்.

போன வாரம் ஆயா ஒரு கூறு நெத்திலி கொண்டு வந்தாள். பேரம் பேசாமல் வாங்கினேன். மகளுக்கு ஒன்பதாம் மாதம். இரண்டு கரண்டி குழம்பு கூடுதலாகவே கேட்டாள். பிறக்கப் போகிற குழந்தை சோறு உண்ணும் வயதிலும் இந்த மீன் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

தம்பியோடு பேச்சு இன்னும் முடியவில்லை. முடிந்ததும் எழுதுகிறேன்.