மாத்திரை வேண்டாம் சாமி, ப்ளீச் போதும்

போன வாரம் ஒரு நண்பர் வீட்டுல புதுமனை புகுவிழா. ஊரு டெக்ஸாஸ், சான் ஆன்டோனியோ. பால் காய்ச்சி, பொங்கல் வடை எல்லாம் ஆனதும் கொல்லைப்பக்கம் கூட்டிட்டுப் போய் நீச்சல்குளத்தைக் காட்டினார். ஓரமா ஒரு 50 பவுண்டு வாளி. உள்ள வெள்ளை வெள்ளையா மாத்திரை. "வாரத்துக்கு நாலு போட்டாப் போதும் தலைவா, வேற வேலையே இல்ல"ன்னார். நான் வாயைத் திறந்தேன். வீட்டம்மா முறைச்சாங்க. மூடிக்கிட்டேன். அங்க முழுங்கினதை இங்க கொட்டுறேன், பொறுத்துக்குங்க மக்களே.

"குளம் வச்சிருக்கிற பணக்காரன் புலம்பல்"னு ஆரம்பிக்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் குளம் வாங்கல. வீடு வாங்கினேன், குளம் கூட வந்துச்சு. கல்யாணம் பண்ணா மச்சான் வர்ற மாதிரி :-) தீனி போட்டுத்தான் ஆகணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த மாத்திரையோட பேரு ட்ரைக்ளோர். அதை எல்லாரும் க்ளோரின்னு நினைச்சு வாங்குறாங்க. நானும் அப்படித்தான் மூணு வருஷம் வாங்கினேன். ஆனா அதுல க்ளோரின் மட்டும் இல்ல, சயனூரிக் அமிலமும் இருக்கு. (பேரைக் கேட்டு சயனைடுன்னு பயப்படாதீங்க, அது வேற இது வேற.) கடையில இதுக்கு ஸ்டெபிலைசர், கண்டிஷனர்னு அழகழகா பேரு. இது சுத்தமா வேண்டாம்னு நான் சொல்லல. வெறும் தண்ணியில போட்ட க்ளோரின் உச்சி வெயில்ல ஒரு மணி நேரத்துக்குள்ள பாதியாயிடும். இந்த அமிலம் அதைப் பிடிச்சு வச்சிக்கும், வெயில் தின்னாம காப்பாத்தும். 30, 40, மிஞ்சிப்போனா 50 பிபிஎம் இருந்தா ரொம்ப நல்லது.

பிரச்னை எங்கன்னா, க்ளோரின் தினமும் செலவாகுது. அமிலம் செலவாகறதில்ல. வெயில்ல ஆவியாகாது, வடிகட்டியில நிக்காது. தண்ணி வெளிய போனாத்தான் அதுவும் போகும். 10 பிபிஎம் க்ளோரினுக்கு ட்ரைக்ளோர் 6 பிபிஎம் அமிலத்தை உள்ள இறக்குது. எங்க குளம் 15 ஆயிரம் கேலன். கோடையில ஒரு நாளைக்கு 2 பிபிஎம் க்ளோரின் செலவுன்னு வச்சிக்குங்க. மாசத்துக்கு 60. அப்ப அமிலம் மாசத்துக்கு 36. ஏப்ரல்ல 40-ல ஆரம்பிச்சா ஆகஸ்ட்ல எங்க நிக்கும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அஞ்சாம் வகுப்புக் கணக்கு. இதை அந்த வாளி மேல எழுதினா என்னய்யா குறைஞ்சு போயிடும்? "ஸ்டெபிலைஸ்டு"ன்னு பெருமையா கொட்டை எழுத்துல போட்டிருக்கான், ஏதோ நெய் ஊத்தி செஞ்ச மாதிரி.

அமிலம் ஏறினா என்ன ஆகும்? க்ளோரினைக் காப்பாத்துற கை, அதையே கட்டிப் போட்டுடும். ஓ'ப்ரையன், மோரிஸ், பட்லர்னு மூணு பேர் 1974-லயே இந்தச் சமன்பாட்டை எல்லாம் அளந்து எழுதி வச்சுட்டாங்க. புதுசா கண்டுபிடிக்க ஒண்ணுமில்ல. குளத்தைச் சொந்தமா பராமரிக்கிறவங்க வச்சிருக்கிற கணக்கு எளிமையானது: அமிலம் எவ்வளவு இருக்கோ அதுல ஏழரை சதவீதமாவது க்ளோரின் எப்பவும் இருக்கணும். 40-க்கு 3 போதும். 180-க்கு 13-க்கு மேல வேணும்.

எங்க வீட்டுல ஆகஸ்ட்ல இருந்தது 3. காகிதப்பட்டையில தொட்டுப் பார்த்தா "சரி"ன்னு காட்டுது. தண்ணியோ பாசி புடிச்ச கோயில் தெப்பக்குளம். பொண்ணு பிறந்தநாளுக்குப் பத்துப் பசங்களைக் கூப்பிட்டிருக்கோம், நாலு நாள்தான் இருக்கு. கடைக்கு ஓடினேன். பாசிக்கொல்லி ஒரு பாட்டில், தண்ணி தெளியறதுக்கு ஒண்ணு, பாஸ்பேட் எடுக்க ஒண்ணு, அப்புறம் "ஷாக்"னு பத்து பாக்கெட். எல்லாத்தையும் போட்டேன். மறுநாள் கொஞ்சம் வெளுத்துச்சு, அதுக்கு மறுநாள் மறுபடி பச்சை. ராத்திரி உக்காந்து அந்த ஷாக் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறேன். பொடி எழுத்துல டைக்ளோர்னு போட்டிருக்கு. அது ட்ரைக்ளோருக்குத் தம்பி. 10 க்ளோரினுக்கு 9 அமிலம்! தம்பி அண்ணனை விட மோசம். நோய்க்கு மருந்துன்னு நோயையே வித்திருக்காங்க. கடைக்காரப் பையன் கெட்டவன்னு சொல்ல மாட்டேன், அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க.

சோதனைத் திரவம் வாங்கி நானே அளந்தேன். கலங்கின தண்ணிக்கு அடியில கறுப்புப் புள்ளி மறையுதான்னு பாக்குற சோதனை அது. 100-க்கு மேல அளவுகோலே கிடையாது. பாதிக்குப் பாதி குழாத்தண்ணி கலந்து அளந்தா 90. அப்ப உண்மையில 180. 50-க்கு கொண்டுவர முக்கால்வாசித் தண்ணியை இறைச்சாகணும். 11 ஆயிரம் கேலன். நம்ம ஊர்க் கணக்குல 41 ஆயிரம் லிட்டருக்கு மேல, 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரியில மூணரை லாரி.

இந்த ஊர்ல வறட்சி வந்தா புல்லுக்கு வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணி. முத்தினா அதுவும் குறையும். எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர் மட்டத்தை வானிலை மாதிரி தினம் சொல்லுவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ராத்திரி பூரா மோட்டார் போட்டு சாக்கடைக் குழாயில விட்டேன். அப்போ எங்கப்பா ஊர்லேருந்து வந்திருந்தாங்க. திருநெல்வேலிப் பக்கம், கமலை இறைச்ச கை. நாற்காலியைப் போட்டு பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "ஏல, இம்புட்டும் சாக்கடைக்கா போவுது?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல. பிறந்தநாளுக்குப் பசங்களுக்கு வாளியில தண்ணி பிடிச்சு பலூன் விளையாட்டுதான்.

அதுக்கப்புறம் நான் போடுறது திரவ க்ளோரின். சோடியம் ஹைப்போக்ளோரைட், 10 சதவீதம். துணி வெளுக்குற ப்ளீச்சோட அண்ணன், அவ்வளவுதான். வாசனை, வண்ணம் சேர்த்த ப்ளீச்சை மட்டும் தொடாதீங்க. ஒரு கேலன் ஊத்தினா எங்க குளத்துல ஆறரை பிபிஎம்முக்கு மேல ஏறும். மிச்சம் விட்டுட்டுப் போறது கொஞ்சம் உப்பு. அமிலம் எவ்வளவு வேணும்னு நான் முடிவு பண்றேன், வாளி இல்ல. முதல் நாள் ஊத்தும்போது அப்பா மோந்து பார்த்துட்டு, "பஞ்சாயத்துல கெணத்துக்குப் போடுற ப்ளீச்சிங் பவுடர் வாடைல்லா"ன்னாங்க. கிட்டத்தட்ட சரி.

அப்ப பவுடரே போடலாமேம்பீங்க. கால்சியம் ஹைப்போக்ளோரைட். மெல்லிய தண்ணி ஊர்ல தாராளமா போடுங்க. எங்க தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ளேருந்து வருது, ஏற்கெனவே குழாயெல்லாம் வெள்ளை பூக்குது. 10 க்ளோரினுக்கு 7 கடினத்தன்மை வேற ஏத்தணுமா? இன்னொண்ணு, தயவுசெஞ்சு இதையும் மாத்திரையையும் ஒரே கரண்டியால அள்ளாதீங்க. ரெண்டும் சேர்ந்தா தீப்பிடிக்கும், வெடிக்கும்.

"எங்களுது உப்புக் குளம், க்ளோரினே கிடையாது"ம்பாங்க சில பேர். அய்யா, அந்த எந்திரம் உப்பை மின்சாரத்துல பிரிச்சு க்ளோரின்தான் செய்யுது. நல்ல வழிதான், குறை சொல்லல. முதல்ல பணம் வேணும், சில வருஷத்துல செல் மாத்தணும். அந்தக் கணக்கு ஒத்துவந்தா போடுங்க.

திரவத்துலயும் தொல்லை உண்டு. கனம். தினமும் ஊத்தணும். வெயில்ல வச்சா வீரியம் போயிடும். ஊருக்குப் போற பத்து நாளைக்கு நானே நாலு மாத்திரை மிதக்க விட்டுட்டுத்தான் போவேன். அதுக்கு மட்டும் அது சரி. ஆனா வாளி வாளியா வீட்டுல அடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிங்க. 2020 ஆகஸ்ட்ல லாரா புயல் அடிச்சப்ப லூசியானாவுல லேக் சார்ல்ஸ் பக்கம் ட்ரைக்ளோர் ஆலை நனைஞ்சு தீப்பிடிச்சது. 2021-ல மாத்திரைக்கு இங்க அடிதடி. 2024 செப்டம்பர் 29-ம் தேதி அட்லாண்டா பக்கத்துல கான்யர்ஸ்ல இதே மாதிரி சரக்கு நனைஞ்சு புகைஞ்சு, 17 ஆயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினாங்க. நம்ம கராஜ்ல வாளிக்குப் பக்கத்துலதான் தோட்டக் குழாய் தொங்குது.

நண்பருக்கு இன்னிக்குக் காலையில ஃபோன் பண்ணி, அமிலம் எவ்வளவு இருக்குன்னு மட்டும் கேட்டேன். "கடையில 'அதிகம்'னு அச்சடிச்சுக் கொடுத்தான், ஆனா தண்ணி பளிங்கு மாதிரி இருக்கே"ன்னார். இப்ப மே மாசம். சனிக்கிழமை சோதனைப் பெட்டியோட போறேன்.

டிஸ்கி: திரவம் ஊத்துற நேரத்துல பழைய சட்டை போடுங்க. எனக்கு இதுவரைக்கும் நாலு சட்டை, ஒரு வேட்டி. வேட்டி அப்பாவோடது.