ஓடுகிற வண்டியைச் சந்தேகப்படுங்கள்

ரோட்டரி இன்ஜின் கார் வைத்திருப்பவர் பயப்படும் வார்த்தை ஒன்றுதான்: "இன்ஜினை இறக்கணும்." பிக்கப் இல்லை, ஐட்லிங்கில் உதறுகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால் போதும், ரோட்டாரின் முனைகளில் உள்ள அப்பெக்ஸ் சீல் தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். சீல் தேய்வது உண்மைதான். ஆனால் இதே அறிகுறிகளை, பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு சோர்ந்த இக்னிஷன் காயிலும் அச்சு அசலாகக் காட்டும். முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவில் இரண்டு ரோட்டார்கள். எரியும் அறை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் ஒரு பொறி போதாது. ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு பிளக்: கீழே லீடிங், மேலே டிரெயிலிங். 1991-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரில் ரோட்டாருக்கு மூன்று பிளக் வைத்திருந்தார்கள். அந்த அறை பொறிக்கு எவ்வளவு ஏங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சிக்கலும் இந்த இரட்டை பிளக்கில்தான். எரிப்பு வேலையில் பெரும்பங்கு லீடிங் பிளக்குடையது. அது செத்தால் வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும். டிரெயிலிங் செத்தாலோ கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு சும்மா நடந்து வந்தாலும் வண்டி சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா, அந்தக் கதை. ஓட்டுபவர் பெட்ரோலைத் திட்டுவார், வெயிலைத் திட்டுவார், காயிலை நினைக்கவே மாட்டார்.

பிளக்குக்கு ஒன்றாக இருக்கும் இந்தக் காயில்கள் படும் பாடும் கொஞ்சமல்ல. சாதாரண நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிளக்குக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி போதும். இங்கே இன்ஜின் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. 9,000 ஆர்பிஎம்மில் ஒரு காயில் நொடிக்கு 150 முறை அடிக்க வேண்டும். பிஸ்டன் இன்ஜினில் உள்ளே வரும் குளிர்ந்த காற்று பிளக்கைத் தொட்டுவிட்டுப் போகும். ரோட்டரியில் காற்று நுழையும் இடம் வேறு, எரியும் இடம் வேறு. பிளக் இருக்கும் பக்கம் எப்போதும் அடுப்படிதான்.

சோதனைக்கு நம் ஊர் வழக்கம் தெரியும். பிளக்கைக் கழற்றி இரும்பில் ஒட்டவைத்து, "கரண்ட் வருதா?" என்று பார்ப்பது. பொறி வரவே இல்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. வந்தால் நம்பிவிடாதீர்கள். திறந்த வெளியில் பாய்கிற பொறி, அழுத்தம் ஏறிய அறைக்குள் பாய அதிக வோல்டேஜ் வேண்டும். சோர்ந்த காயில் வெளியே பளிச்சென்று அடித்துக் காட்டிவிட்டு, மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கைவிடும்.

இடம் மாற்றிப் பார்ப்பதுதான் இதற்கு நல்ல வழி. ஆர்எக்ஸ்-8-இல் நான்கு காயிலும் ஒரே மாதிரி. காரின் கம்ப்யூட்டர் பி0301 என்ற கோடு காட்டினால் முன் ரோட்டாரில் மிஸ்ஸிங், அதாவது எரிப்பு தவறுகிறது; பி0302 என்றால் பின் ரோட்டாரில். எந்த ரோட்டார் என்று சொல்லும். அதன் இரண்டு பிளக்கில் எது என்று சொல்லாது. பி0301 வந்தால், முன் ரோட்டாரின் காயில் ஒன்றைப் பின் ரோட்டாரின் காயிலோடு மாற்றுங்கள். குற்றச்சாட்டும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான். மாறாவிட்டால் அடுத்த காயில், பிறகு ஒயர், பிறகு பிளக். பிளக் மாற்றும்போது கவனம்: லீடிங்குக்கும் டிரெயிலிங்குக்கும் வெப்ப எண் வேறு. இடம் மாற்றிப் பூட்டினால் ஒரு நோயை நீக்கப்போய் இன்னொன்றை வாங்கிய கதையாகும்.

"ஓடுதில்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இங்கே செல்லாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அது சூடேறி உருகி அடைத்தால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும். சூடு உள்ளே தேங்கும். சூடுதான் சீல்களுக்கு எமன். காயிலில் தொடங்கிய நோய் கடைசியில் இன்ஜினையே இறக்கவைக்கும்; அன்றைக்குத் தீர்ப்பு எழுதியவர் சொன்னதும் பலித்துவிடும். செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

காயில், ஒயர், பிளக் எல்லாம் சுத்தம் என்று தெரிந்த பிறகு, சீலின் நிலையை அறியக் கம்ப்ரஷனைப் பாருங்கள். அதற்கும் சாதாரண கேஜ் உதவாது. ஒரு ரோட்டாருக்கு மூன்று முகம். அந்தக் கேஜ் அவற்றில் அதிகமானதை மட்டும் காட்டி, பலவீனமான முகத்தை மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள கருவி மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். இரண்டு ரோட்டாருக்கு ஆறு எண்கள். அந்த ஆறையும் காட்டாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.