கணக்கு வாத்தியார் வாதம்

மும்பை டாக்டர் ஜாகிர் நாயக் 2006-ல் பீஸ் டிவி தொடங்கியதும் இளவட்டங்களுக்கு ஹீரோ ஆகிப்போனார். கோட்டு, தொப்பி, சரளமான ஆங்கிலம்; எதைக் கேட்டாலும் அத்தியாய எண், வசன எண். மனப்பாடத்தைப் பசங்க அறிவு என்று நினைத்துவிட்டார்கள்.

இஸ்லாமிய நாட்டில் மற்ற மதத்தார் ஏன் கோயில் கட்டக்கூடாது என்று கேட்டால், இரண்டும் இரண்டும் மூன்று என்பவரைக் கணக்கு வாத்தியாராக வைப்பீர்களா என்பார். அரங்கமே கைதட்டும். ஐயா, இதே கணக்கை இங்கே பெரும்பான்மையினர் போட்டிருந்தால் நீங்கள் மும்பையில் மேடை ஏறியிருக்க முடியுமா? கைதட்டும்போது இது உறைக்க வேண்டாமா?

2016-ல் அவர் அமைப்பைத் தடை செய்தார்கள். ஆள் மலேசியாவில், பேச்சோ பசங்க செல்போனில். தடை போட்டு ஆகாதது வீட்டில் ஆகும். எந்த மதத்துக்காரர் பேசினாலும் எதிர்க்கேள்வி கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.