கண்மாய் மீனும் கோடை வெயிலும்

கோடையில் கண்மாய் வற்றித் தண்ணீர் முழங்காலளவாகச் சுருங்கியிருக்கும் நாளில், ஒரு விடியற்காலை மீன்களெல்லாம் செத்து மிதக்கும். உடனே ஊரில் எழும் முதற்பேச்சு, "எவனோ மருந்தைக் கலந்துவிட்டான்" என்பதுதான். குத்தகைக்காரர் பக்கத்து வயற்காரரை முறைப்பார். மேலத்தெரு கீழத்தெருவைச் சந்தேகிக்கும். பஞ்சாயத்துக் கூடும். நஞ்சு கலக்கும் கயவர்களே இல்லையென்று நான் வாதாட வரவில்லை. பழி சுமத்துமுன் ஒரு வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தோமா என்பதே என் கேள்வி.

மீன் குளிர் இரத்தப் பிராணி என்று படிக்கிறோம். அதாவது, தண்ணீரின் சூடே மீனின் சூடு. நமக்கு வியர்வை உண்டு, மர நிழல் உண்டு. அதற்கு ஆழம் ஒன்றுதான் புகலிடம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் உடலியக்கம் ஏறக்குறைய இரு மடங்காகும். பிராணவாயுத் தேவையும் அவ்வாறே பெருகும். ஆனால் தேவை ஏறும் அதே வேளையில் வரவு இறங்குகிறது! 20 டிகிரி சென்டிகிரேடில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும், 35-இல் 7-க்கும் சற்றுக் குறைவு. இது தூய நீரின் கணக்கு. கண்மாயிலோ சேறும் சருகும் மாட்டுச் சாணமும் உண்டு. சூட்டில் அவை விரைந்து அழுகி, இருக்கிற பிராணவாயுவையும் தின்றுவிடும். பகலில் பிராணவாயு தரும் பாசி, இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும். எனவேதான் விடியுமுன் பஞ்சம் உச்சத்தில் நிற்கிறது. மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

இதோடு அம்மோனியா வேறு. பி.எச். 8 உள்ள நீரில், நச்சு வடிவிலுள்ள அம்மோனியாவின் பங்கு 20 டிகிரியில் சுமார் 4 சதவீதம். 30 டிகிரியில் 7.5 சதவீதம். யாரும் எதையும் ஊற்றவில்லை; வெயிலே நஞ்சைக் கூட்டிவிட்டது.

செத்த மீன்களே ஓரளவு சாட்சி சொல்லும். மூச்சுமுட்டல் என்றால் பெரும்பாலும் பெரிய கட்லாவும் ரோகுவும் முதலில் விழும். காற்றையே நேராகச் சுவாசிக்கும் விரால் பிழைத்துக் கிடக்கும். விராலும் தவளையும் சேர்ந்து செத்திருந்தால் நஞ்சைச் சந்தேகிப்பதில் நியாயமுண்டு.

சூடு மட்டுமே எதிரி என்றும் எண்ணிவிட வேண்டாம். 1988-இல் இந்தியாவுக்குள் நுழைந்து விராலையும் கெண்டையையும் புண்ணாக்கிய தொற்றுநோய், நீர் குளிரும் மாதங்களில்தான் தலைதூக்குகிறது. தனக்குப் பழகிய வெப்பத்திலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மீனுக்குத் துன்பமே.

கண்மாயைத் தூர்வாரும்போது நடுவில் ஓர் ஆழமான மடு கட்டாயம் விடப்பட வேண்டும் என்பது என் கருத்து. கரையைப் பலப்படுத்தினால் போதும், மண் அள்ளினால் போதும் என்பது மீனுக்கு உதவாது. குத்தகைப் பணத்தை எடுக்கும் ஆசையில் குஞ்சுகளை அளவின்றிக் கொட்டுவதும், கொளுத்தும் வெயிலில் எருவிடுவதும் நிற்க வேண்டும்.

மீன் பிடிப்பவர்களுக்குப் பாடம் சொல்ல நாம் யார் என்று கேட்கலாம். என் தந்தையார் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். மீன் வாய் பிளப்பதைக் கண்டே வலை இறக்க நாள் குறிப்பார். அது அறிவில்லையென்று எந்தப் பட்டதாரியும் சொல்ல முடியாது. ஆனால் பஞ்சாயத்தில் அவர் சொல் எடுபடாது. அளந்து எழுதிய எண் எடுபடும். அந்த எண்ணைக் கொடுப்பதுதான் நம் வேலை.

விங்க்ளர் முறையில் பிராணவாயுவைக் கண்டுபிடிக்க நமக்குக் கற்றுத் தருகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் குழாய்த் தண்ணீரைத்தான் சோதிக்கிறோம். மீன் சாவதோ கோடையில், கல்லூரிக்கு விடுமுறை விட்ட பிறகு. ஆகவே விலங்கியல் துறைப் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு வெப்பமானியைக் கொடுத்தனுப்புங்கள். நாள்தோறும் விடியுமுன்னும் பிற்பகலிலும் எங்கள் ஊர்க் கண்மாய்களை அளந்து, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வருகிறோம்.