ஓவர்சைட்: பார்த்தாரா, பார்க்கவில்லையா?



ஆங்கிலத்தில் ‘ஓவர்சைட்’ என்றொரு சொல் உண்டு. ‘ஓவர்’ மேல், ‘சைட்’ பார்வை. அப்படியே தமிழாக்கினால் மேற்பார்வை. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே அதற்கு அந்தப் பொருள்தான். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் நேரெதிரான இன்னொரு பொருளும் ஒட்டிக்கொண்டது: பார்க்காமல் விட்டுவிடுதல். மேலிருந்து பார்ப்பதும் ‘ஓவர்’தான், பார்க்க வேண்டியதைத் தாண்டிக் கண் அப்பால் போய்விடுவதும் ‘ஓவர்’தான்.

‘ஓவர்லுக்’ கதையும் இதேதான். ஜன்னல் தோட்டத்தை ‘ஓவர்லுக்’ செய்தால் அங்கிருந்து தோட்டம் நன்றாகத் தெரியும். குமாஸ்தா ஒரு வரியை ‘ஓவர்லுக்’ செய்தால் அது அவர் கண்ணில் படவே இல்லை. அந்தக் கால ஆங்கிலத்தில் நம் ‘கண் வைப்பது’க்கும் இதே சொல் இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் போர்ஷியா அதை அந்தப் பொருளில்தான் சொல்கிறாள். பிளஸ் டூவில் என்னிடம் படித்தவர்கள் இப்போது புத்தகத்தைத் தேட வேண்டாம், நான் அப்போது இதைச் சொல்லித்தரவில்லை!

இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். முன்னால் ‘ஆன்’ வந்தால் பெரும்பாலும் விட்டுப்போன பிழை. பின்னால் கமிட்டி, போர்டு என்று வந்தால் கண்காணிப்பு. நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த முகநூலுக்கே 2020 முதல் ஓர் ‘ஓவர்சைட் போர்டு’ இருக்கிறது. எந்தப் பொருளில் என்று குறும்பாகக் கேட்பவர்களும் உண்டு.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லை. மேற்பார்வை வேறு, கவனக்குறைவு வேறு. கண்ணால் காண்பவர் கண்காணி; பேச்சில் கங்காணி. இலங்கை, மலாயா தோட்டங்கள் வழியாக அந்தச் சொல் ஆங்கில அகராதிக்கே போய்விட்டது. ஆள் சேர்த்ததும் வேலை வாங்கியதும் அவரே. தொழிலாளியின் கடன் கணக்கும் பெரும்பாலும் அவர் கையில்தான். கடன் விஷயத்தில் அந்தக் கண் எவ்வளவு கூர்மையாக இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் உறவில் ஓர் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஏழு மாதம் வரவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரி: ‘டியூ டு ஓவர்சைட்’. யாருடைய ஓவர்சைட்? அந்தக் கோப்பை மேற்பார்வை செய்ய ஒருவர் சம்பளம் வாங்குகிறார். அவர் செய்ய வேண்டிய வேலைக்கும் அதைச் செய்யாததற்கும் ஒரே பெயர் என்றால், அவருக்கு எவ்வளவு வசதி!

ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லவில்லை. நம் அலுவலகத் தமிழிலும் ‘தவறுதலாக விடுபட்டுவிட்டது’ என்றுதான் எழுதுகிறோம், ஏதோ கோப்பு தானாக எழுந்து நடந்துபோன மாதிரி. உங்களில் பலர் இன்று கையெழுத்துப் போடும் நாற்காலிகளில் இருக்கிறீர்கள். அடுத்த முறை ‘நான் பார்க்காமல் விட்டுவிட்டேன்’ என்று எழுதிப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு இரண்டே கேள்விகளோடு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்: பார்க்க வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள்? பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.