அந்தக் கதிரை எந்த வீட்டிலிருந்து வந்தது?

பழைய சாய்மனைக் கதிரைகளுக்கு இப்போது நல்ல காலம். தமிழ்நாட்டு நண்பர்கள் சாய்வு நாற்காலி என்றும் ஈசிச்சேர் என்றும் சொல்வதைத்தான் இலங்கையில் நாங்கள் சாய்மனைக் கதிரை என்கிறோம். ஒரு தலைமுறைக்கு முன்னர் கோடிப்புறத்தில் கோழி அடைய விட்டிருந்த பொருள், இன்று கொழும்பு வீடுகளின் வரவேற்பறையிலும் கற்பிட்டிக் கடற்கரை விடுதிகளின் விறாந்தையிலும் நடுநாயகமாக வீற்றிருக்கிறது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள், ஊர்க் கதிரை ஒன்று வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது என்று என்னிடம் கேட்பதுண்டு. என்ன காலம், என்ன மரம், என்ன நிலைமை என்பவையே அவர்களுடைய கேள்விகள். மூன்றும் நியாயமானவை. ஆனால் நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதல் மூன்றையும் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

காலத்தை எடுத்துக்கொள்வோம். கதிரை என்ற சொல்லே போர்த்துக்கீசர் தந்தது. மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் அதே கப்பலில் வந்தவை. புத்தளம் கடலேரியின் வாயிலில் கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கினர். கோட்டை இன்றும் நிற்பதால், இந்தக் கரையில் பழம்பொருள் விற்கிறவர்களுக்கு ஒரு வசதி. எந்தக் கதிரையைத் தொட்டாலும் 'ஒல்லாந்தர் காலம்' என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்பவரும் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தவராதலால் நம்பிவிடுகிறார். ஒல்லாந்தர் 1796இல் இலங்கைக் கரையை முற்றாக இழந்தனர். கைப்பிடி நீண்டு, காலைத் தூக்கிப் போட வசதியுடன் அமைந்த சாய்மனைக் கதிரையோ, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில், கோப்பியும் தேயிலையும் தென்னையும் பெருந்தோட்டங்களாக வளர்ந்த ஆங்கிலேயர் காலத்தில் பரவியது. தோட்டத்துரையின் பங்களாவிலிருந்து அது உள்ளூர்ப் பெரியவர்களின் வீடுகளுக்கு வந்தது. ஆகவே 'ஒல்லாந்தர் காலச் சாய்மனை' என்று யாராவது சொன்னால் விலையில் பாதியை அங்கேயே குறைத்துக் கேட்கலாம். ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பற்றி ஆர். எல். புரோகியர் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பெரிய தொகை கொடுக்கப் போகிறவர்கள் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது மரம். கருங்காலியும் முதிரையும் பேர்பெற்றவை. தேக்கும் பலாவுமே நம் வீடுகளில் மிகுதி. பலாவைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். வயதேற வயதேற மஞ்சள் மாறிச் செம்பழுப்பாகிவிடும். பொலிஷ் பூசிய மேற்பக்கம் எதையும் மறைக்கும். எனவே கதிரையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கையால் இழைத்த மரத்தில் சிறு மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். இயந்திர வாள் அறுத்த மரத்தில் வட்டக் கோடுகள் தெரியும். பழைய தச்சர்கள் ஒரு கட்டையின் நுனியை மற்றதன் துளையில் செருகி மர ஆணியால் இறுக்கினார்கள். உப்புக்காற்று அடிக்கும் இந்தக் கரையில் இரும்பாணி துருவேறிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். மூட்டுகளில் புத்தம்புது ஆணித்தலை மின்னினால், ஒன்றில் அது அண்மையில் திருத்தப்பட்டது, அல்லது அண்மையில் பிறந்தது.

மூன்றாவது நிலைமை. பிரம்புப் பின்னலைப் பாருங்கள். கையால் பின்னிய கதிரையில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும், ஒவ்வொரு பிரம்பு நாரும் அவற்றினூடாக ஏறி இறங்கும். ஆயத்தமாக நெய்து வரும் பிரம்புத் தடுக்கை ஒட்டியிருந்தால் துளைகள் இருக்கமாட்டா, ஓரத்தில் ஒரு பள்ளம் மட்டும் ஓடும். பின்னல் அறுந்திருப்பது குற்றமன்று, அதை மாற்றிவிடலாம். சட்டம் உளுத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். கால்களின் அடிநுனியைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தால் கறையானின் கணக்கு தெரிந்துவிடும். கடைசியாக, உட்கார்ந்து பாருங்கள். உட்காருவதைவிட எழும்புவதைக் கவனியுங்கள். வீட்டு முதியவர் பிறர் கைப்பிடித்துத் தூக்காமல் எழ முடியாத கதிரை எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை.

இனி நான்காவது கேள்வி. இந்தக் கதிரை எந்த வீட்டிலிருந்து வந்தது?

நம்மவர்களிடையே இருக்கை என்பது வெறும் மரமாக ஒருபோதும் இருந்ததில்லை. யார் கதிரையில் இருப்பது, யார் நிலத்தில் இருப்பது என்பதில்தான் அதிகாரம் இருந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சம ஆசனம் கொடுக்கச் சொன்னதற்காக யாழ்ப்பாணத்தில் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்கள் உண்டு. இருக்கையை மறுப்பது ஒரு கொடுமை. இருந்த இருக்கையிலிருந்து எழுப்பி விரட்டுவது இன்னொரு கொடுமை. இரண்டாவதைப் பற்றிப் பேசப் புத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நகையையும் பணத்தையும்கூட வாங்கி வைத்துக்கொண்டே அனுப்பினார்கள். வடக்கிலிருந்து இப்படி வெளியேறியவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். மன்னார்த் தீவு மக்கள் பலர் வள்ளமேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். பாலாவியிலும் தில்லையடியிலும் ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. அந்தக் குடியிருப்புகளில் பல ஆண்டுகளாக நான் பேசிய முதியவர்கள் இழந்த காணியின் பரப்பைச் சொல்வார்கள், கடையைச் சொல்வார்கள். பிறகு பேச்சு மெல்ல வீட்டுக்குள் போகும். வாப்பா சாய்ந்து கிடந்த கதிரை எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தது என்பதுவரை சொல்வார்கள். விட்டுவிட்டு வந்த வீட்டுச் சாமான்கள் பின்னர் விற்கப்பட்டதையும், கதவு நிலைகளும் கூரை மரங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டதையும் அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் அன்ரன் பாலசிங்கம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தது. சாமான்கள் வரவில்லை.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்துத் தமிழர்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாக நடந்து வெளியேறினார்கள். திரும்பி வந்தவர்கள் பலருக்கு வீட்டில் சுவர்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. உயர் பாதுகாப்பு வலயங்களுக்குள் அகப்பட்ட வீடுகளின் கதை உங்களுக்குத் தெரியும். இத்தனை வீடுகளின் தளபாடங்கள் காற்றில் கரைந்துவிடவில்லை. எங்கோ யாரோ ஏற்றினார்கள், யாரோ வாங்கினார்கள், பொலிஷ் பூசினார்கள்.

பழைய கதிரை எல்லாம் களவுக் கதிரை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை பங்கு பிரித்த பிள்ளைகளோ, கடன்பட்ட குடும்பங்களோ தாமாக விற்றவையே. தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி' நாவல் பரம்பரை வீட்டுப் பொருள்களை விற்றே காலங்கழிக்கும் அப்படியொரு குடும்பத்தைக் காட்டுகிறது. அந்த வியாபாரத்தில் துயரம் உண்டு, குற்றம் இல்லை. வித்தியாசத்தைக் கண்டறிய நமக்கிருக்கும் ஒரே வழி கேட்பதுதான். எல்லாம் நடந்து முப்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன, பல கை மாறிவிட்டது, விற்பவருக்கே தெரியாது என்பார்கள். மெய்தான். ஆனால் நல்ல வியாபாரி எந்த ஊரில், எந்த வகையான வீட்டில், எப்போது வாங்கினார் என்றாவது சொல்வார். பற்றுச்சீட்டில் எழுதியும் தருவார். மரத்தின் வயதை 250 ஆண்டு என்று துல்லியமாகச் சொல்லிவிட்டு, போன வருடம் அது எங்கிருந்தது என்று கேட்டதும் வானத்தைப் பார்க்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கடல் கடந்து கொண்டுபோக விரும்புவோருக்கு இன்னொரு சொல். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துக்கள் சட்டமும் பழம்பொருள்களை உத்தரவுப் பத்திரமின்றி நாட்டைவிட்டு எடுத்துச் செல்வதைத் தடுக்கின்றன. 1815 மார்ச் 2க்கு முற்பட்டது தொல்பொருள் என்பது முதலாவது சட்டத்தின் கணக்கு. ஒல்லாந்தர் காலம் என்று விற்றவரே 'பிரச்சினையில்லாமல் அனுப்பலாம்' என்றும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய்.

என் கருத்தைக் கேட்டால், வாங்குவதற்கு முன் உங்கள் குடும்பத்துக்குள்ளேயே தேடுங்கள். பெரியம்மா வீட்டுக் கோடியிலோ, மாமாவின் சாமான் அறையிலோ பின்னல் அறுந்த கதிரை ஒன்று நிச்சயம் கிடக்கும். அதை எடுத்துப் பிரம்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் இன்னும் அந்தத் தொழில் இருக்கிறது. அவருடைய கூலியில் பேரம் பேசாதீர்கள். அப்படியொன்று கிடைக்கவே இல்லையென்றால், நல்ல தச்சரிடம் பலாவில் புதிதாகச் செய்வியுங்கள். நாற்பது ஆண்டு கழித்து உங்கள் பேரப்பிள்ளைக்கு அதுவே பழைய கதிரை. அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் அந்தப் பிள்ளை தலைநிமிர்ந்து பதில் சொல்லும்.